மேடையில் நிற்பது பிம்பம்

ஆசிரியர் அவர்கட்கு,

மறைந்த பாடகர்களை ‘ஹோலோகிராம்’ (ஒளியால் உருவாக்கும் முப்பரிமாணப் படம்) மூலம் மேடையேற்றும் இசை நிகழ்ச்சிகள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரை, ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டது. 1996இல் இறந்த ராப் பாடகர் டூபாக் ஷகூர் 2012இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் ‘தோன்றியது’ உண்மையான ஹோலோகிராமே அல்ல. சாய்வாகக் கட்டிய ஒளிபுகும் படலத்தில் தெறித்த பிம்பம் அது. 1862இல் இலண்டனில் கண்ணாடியை வைத்து ஆவியுருவம் காட்டிய அதே பழைய உத்திதான். புரொஜெக்டர் மட்டும் புதிது.

பிம்பம் சபையைப் பார்ப்பதில்லை. கடந்த ஆண்டு கிளிநொச்சியில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில், மேளக் கச்சேரியின் நடுவே ஜெனரேற்றர் நின்றது, ஒலிபெருக்கியும் அடங்கியது. தவில்காரர் நிறுத்தவில்லை. பின்னாலிருந்த சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு அவரடியில் வந்து குந்தியது. அதைக் கண்டதும் அவர் சிரித்தபடி தனியாவர்த்தனத்தை நீட்டினார். (ஜெனரேற்றர் திரும்ப இயங்கியதில் பலருக்கு ஏமாற்றமே.) மறைந்தோரின் பிம்பக் காட்சிகளை வன்னிக்குக் கொண்டுவர எண்ணுவோர், மேடையில் வருவது பிம்பம் என்பதையும், கலைஞரின் குடும்பத்தாரிடம் சம்மதம் பெற்றதையும் நுழைவுச்சீட்டிலேயே அச்சிட வேண்டும்.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.