ஆக்சிமீட்டரைத் தங்கச்சியிடம் கொடுத்து வை

மாப்ள,

உன் கடிதம் வந்தது. கொரோனா போய் இத்தனை வருஷம் ஆகியும், டிவியில் புதுக் காய்ச்சல் என்று ஒரு வரி ஓடினாலே ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். நீ கோழை இல்லை, அதைச் சொல்லத்தான் உடனே எழுதுகிறேன்.

பாம்பனில் எங்கள் பெரியப்பாவை உனக்குத் தெரியும், இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போகும் என்று தெரிந்தும் காற்றிலும் மழையிலும் கடலுக்குப் போனவர், 2020ல் வாசல் கதவைத் திறக்கவே மாட்டேன் என்றார். பால் ஸ்லோவிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987ல் எழுதியது இதைத்தான்: எத்தனை பேர் சாகிறார்கள் என்ற கணக்கைவிட, ஆபத்து புதுசா, கண்ணுக்குத் தெரியாததா, நம் கைக்கு அடங்காததா என்பதுதான் பயத்தை ஏற்றுகிறது. கடலில் எப்போது திரும்புவது என்று பெரியப்பாவே முடிவெடுப்பார், கிருமியிடம் அது நடக்காதே.

அப்புறம் இந்தச் செய்திகள். ஒரே சாவைப் பத்து தடவை காட்டினால் மனசு பத்துச் சாவாக எண்ணிக்கொள்ளும். 1994ல் சூரத்தில் பிளேக் என்றதும் லட்சக்கணக்கானவர்கள் சில நாளில் ஊரைவிட்டு ஓடினார்கள். நாடு முழுக்க இறந்தவர்கள் 56 பேர்.

எனக்கு ஆறாதது வேறொன்று. பயம் முற்றினால் அடுத்த மனுஷன் மேல் அருவருப்பாகிவிடுகிறது. 2020 ஏப்ரலில் சென்னையில், தொற்றில் இறந்த மருத்துவரைப் புதைக்க விடாமல் ஆம்புலன்ஸைத் தாக்கினார்களே, தாக்கியவர்களும் பயந்தவர்கள்தான், ஆனாலும் என்னால் அதை மன்னிக்க முடியவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். 98 என்று பார்த்ததும் நிம்மதி வருகிறது இல்லையா, வம்பே அதில்தான். அளந்ததால் தப்பித்தோம் என்று மனசு பழகிவிடும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் அளக்கச் சொல்லும். பயத்தில் வரும் படபடப்பையே நோய் என்று எடுத்துக்கொண்டு மறுபடி அளப்பாய். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இருந்தால் டாக்டரிடம் போ, தள்ளிப்போடாதே. ஒன்றும் இல்லாத நாளில் அந்தக் கருவி தங்கச்சியிடமே இருக்கட்டும், செய்தியும் நாளுக்கு ஒரு தடவை போதும். ராத்திரி மனசு அடங்காவிட்டால் 14416க்குப் போன் போடு, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், அரசாங்கத்துடையது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். வெட்கப்படாதே.

ஏப்ரல் 15லிருந்து மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில்தான், நானும் சும்மா இருப்பேன். புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது, தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. தேதியை முன்னாலேயே சொல்லிவிடு.