ஸ்டிக்கரைக் கிழித்துப்போட்ட பையனைப் பற்றி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவைசிகிச்சை நடந்ததால் வீடும் ஆஸ்பத்திரியுமாக அலைந்ததில் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். உன் மகளுக்கு ஹாஸ்டல் பழகிவிட்டதா? அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுது.

சரி, உன் வகுப்புப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். நாற்காலியைத் தள்ளிவிடுகிறான், பக்கத்துப் பிள்ளைகளை அடிக்கிறான், கணக்கு நோட்டை எடு என்றாலே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான், எல்லார் முன்னாலும் நீ ஆசையாய் ஒட்டிவிட்ட ஸ்டாரைக் கிழித்துப்போட்டான், "இவனுக்கு எந்தப் பரிசும் வேலைக்கு ஆகாது" என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி வரியை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவனுக்கு எது பரிசு என்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். நாம் கொடுத்துவிட்டோம் என்பதாலேயே ஒன்று பரிசாகிவிடாது. அதைக் கொடுத்த பிறகு நாம் எதிர்பார்க்கிற நடத்தை கூடுகிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில், யாரும் எதுவும் சொல்லாத நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்று சில நாள் கவனி. டேவிட் பிரேமாக் என்ற உளவியலாளர் 1959இல் எழுதியது இதைத்தான்: ஒருவர் தானாகவே அடிக்கடி செய்கிற காரியத்தை, அவர் செய்யத் தயங்குகிற காரியத்துக்குப் பின்னால் வைத்தால், தயங்குகிற காரியம் கூடும். எங்களிடம் ஒரு சிறுமி இருக்கிறாள், பொம்மை, பேனா, கைதட்டல் எதற்கும் மசியமாட்டாள். ஆனால் சும்மா விட்டால் நேராக அலமாரிக்குப் போய்ப் புத்தகங்களை உயர வாரியாக அடுக்குவாள், ஒரு புத்தகம் துருத்திக்கொண்டிருந்தால் விரலால் தட்டி உள்ளே தள்ளுவாள். அதையே பிடித்துக்கொண்டோம். ஒரு பக்கம் எழுதி முடித்தால் அலமாரி அவளுக்கு. இப்போது எழுதுகிறாள்.

அவனிடமே கேட்கலாம்தான், ஆனால் பிள்ளைகள் வாயால் சொல்வதும் கையால் எடுப்பதும் பல சமயம் ஒன்றாக இருக்காது. நாலைந்து படங்களையோ பொருள்களையோ அவன் முன் பரப்பி ஒன்றை எடுக்கச் சொல், எடுத்ததை அப்புறப்படுத்திவிட்டு மிச்சத்திலிருந்து அடுத்ததை எடுக்கச் சொல், இப்படியே போனால் வரிசை கிடைத்துவிடும். டிலியான், ஐவாட்டா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996இல் விவரித்த முறை இது. கொஞ்ச நாள் கழித்துத் திரும்பச் செய்து பார், ஏனென்றால் எதுவும் அளவுக்கு மீறிக் கிடைத்தால் சலித்துப்போகும்.

இதைவிட முக்கியமான ஒன்று, மேசைக்கு அடியில் போவதால் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்பது. கணக்கிலிருந்து தப்பிக்கிறான் என்றால், அவன் இப்போது தேடுவது விடுதலையைத்தான், அதன் பக்கத்தில் ஸ்டிக்கர் எம்மாத்திரம்? அப்படியானால் அந்த விடுதலையையே ஒழுங்கான வழியில் கொடு: "மிஸ், கொஞ்ச நேரம் வேண்டும்" என்று கேட்டாலோ ஒரு கார்டைக் காட்டினாலோ உடனே சில நிமிட ஓய்வு. மாறாக எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதற்காகப் போகிறான் என்றால் ஓய்வு பயன்படாது, உன் கவனம்தான் அவனுக்குப் பரிசு. கார், டுராண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1985இல் வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகளுக்கு, சேட்டையால் கிடைத்துவந்ததையே பேசிக் கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள், சேட்டை வெகுவாகக் குறைந்தது. காரணத்துக்குப் பொருந்தாத வார்த்தையைக் கற்றுக்கொடுத்தபோது குறையவில்லை.

ஸ்டாரைக் கிழித்ததை நான் அவமதிப்பாக நினைக்கவில்லை. எல்லார் எதிரிலும் திட்டு வாங்கியே பழகிய பிள்ளைக்கு, எல்லார் எதிரிலும் வரும் பாராட்டும் கூசும். பக்கத்தில் போய், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கோபம் வந்தும் நோட்டைக் கிழிக்காமல் மூடி வைத்தாய், பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. வெறும் "குட் பாய்" வேண்டாம், என்ன செய்தான் என்பதைச் சொல். அதையும் அப்போதே சொல், வெள்ளிக்கிழமைப் பரிசு இவனுக்கு எட்டாத தூரம். அவன் அமைதியாக உட்காருவது மூன்று நிமிடம் என்றால் இரண்டாவது நிமிடத்திலேயே கொடு, பிறகு மெல்ல மெல்ல நீட்டிக்கொள்ளலாம். ஆனால் நாற்காலி பறந்துகொண்டிருக்கும்போது "நிறுத்தினால் இது தருகிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதே, நாற்காலியை எறிந்தால் பேரம் பேச வருவார்கள் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். சம்பாதித்ததைத் திரும்பப் பிடுங்குவதும் எனக்குச் சம்மதமில்லை, இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே யாரையும் நம்ப வராது.

பரிசு கொடுத்தால் ஆர்வம் கெட்டுவிடும் என்று உங்கள் ஸ்டாஃப் ரூமில் பேசுகிறார்களே, அது முழுப் பொய் இல்லை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் 1973இல் செய்த ஆய்வில், படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய சின்னப் பிள்ளைகளிடம் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். பிறகு ஓய்வு நேரத்தில் அவர்கள் வரைவது குறைந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் சான்றிதழ் கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடம் அப்படிக் குறையவில்லை. ஆகவே இவன் விரும்பிச் செய்வதற்குப் பரிசு வைக்காதே. அவனுக்கு வரைவது பிடிக்கும் என்றால் அந்த வரைதலையே கணக்குக்குப் பின்னால் வை.

"அவனுக்கு மட்டும் ஏன்?" என்று மற்ற பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். சில நாள் அவன் சம்பாதிக்கும் விளையாட்டு நேரம் மொத்த வகுப்புக்கும் என்று வைத்துப் பார். அவனால் கூடலாம், ஆனால் அவனால் யாருக்கும் எதுவும் குறையக் கூடாது, குறைந்தால் பழி அவன் தலையில்தான் விழும்.

ஒரு சின்ன நோட்டில் குறித்து வை: மேசைக்கு அடியில் போகுமுன் என்ன நடந்தது, போனதும் நீ என்ன செய்தாய், மற்றவர்கள் என்ன செய்தார்கள், அந்தக் கணக்கு கடைசியில் என்ன ஆயிற்று. அதைப் போட்டோ எடுத்து அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை போனில் உட்கார்ந்து விவரமாகப் பேசலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி