உயர்திறன் வால்வு ஆம்ப்ளிஃபையர் வாங்க விரும்பும் வாடிக்கையாளர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் கடையில் பழைய வால்வு ரேடியோக்களைப் பழுது பார்ப்பதும் வீட்டு இசை அமைப்புகளுக்கான வால்வு ஆம்ப்ளிஃபையர்களை விற்பதும் நடந்துவருவதைத் தாங்கள் அறிவீர்கள். வால்வு என்பது ஒலிக்கான மின் சைகையைப் பெருக்கும், காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய். அண்மைக்காலமாக, இடம், வலம் என ஒரு பக்கத்துக்கு 100 வாட் தரக்கூடிய பெரிய வால்வு ஆம்ப்ளிஃபையர்களைக் கேட்டு வருவோர் கூடியிருக்கிறார்கள். 50 வாட்டுக்கு மேற்பட்ட எந்தக் கருவியையும், வாங்குபவரின் வீட்டுக்கு வந்து மின்னிணைப்பையும் அறையையும் ஸ்பீக்கரையும் பார்த்த பிறகே கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரிடம் இப்படிச் சொல்வது சிலருக்கு மனவருத்தம் தந்திருப்பதால், காரணங்களை எழுத்தில் வைப்பது முறை என்று கருதுகிறோம்.

பெரிய ஆம்ப்ளிஃபையர் என்றால் பெரிய சத்தம் என்ற எண்ணத்திலிருந்து தொடங்குவோம். திறனை இரட்டிப்பாக்கினால் ஒலி அளவு 3 டெசிபல் மட்டுமே உயரும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு திறன் தேவைப்படும். 35 வாட் கருவியிலிருந்து 100 வாட் கருவிக்கு மாறும்போது கிடைக்கும் உயர்வு நாலரை டெசிபலுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். 1 வாட்டுக்கு 1 மீட்டர் தொலைவில் 87 டெசிபல் தரும் ஒரு ஸ்பீக்கரை, நம் ஊர் அடுக்ககங்களின் வழக்கமான கூடத்தில் வைத்து அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டாத அளவில் கேட்டால், பெரும்பாலான நேரம் அது எடுத்துக்கொள்வது அரை வாட்டோ ஒரு வாட்டோதான்.

அப்படியானால் 100 வாட் எதற்கு என்று கேட்பது நியாயமே. நேரடியாகப் பதிவான ஒரு நாதஸ்வரக் கச்சேரியில் தவில் விழும் கணத்தையோ, தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் வலுவான ஒரு வீச்சையோ எண்ணிப் பாருங்கள். சராசரி ஒலியைவிட அந்தக் கணம் 20 டெசிபல் உயர்ந்தால், அதற்கு 100 மடங்கு திறன் வேண்டும். அரை வாட்டில் ஓடிக்கொண்டிருந்த கருவி நொடியின் ஒரு சிறு பகுதிக்கு 50 வாட் கொடுத்தாக வேண்டும். கொடுக்க இயலாத கருவி அந்த முனையை மழுக்கிவிடும். வால்வு அதை டிரான்சிஸ்டரைவிட நயமாக மழுக்குகிறது என்பதால் காது உடனே முகம் சுளிக்காது. ஆனால் தவிலின் வெடிப்பு காணாமல் போயிருக்கும். உயர்திறன் கருவியின் உண்மையான பயன் இந்தத் தாராளம்தான். 84, 85 டெசிபல் அளவிலான மந்தமான ஸ்பீக்கர்களை வைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் தேவை. மாறாக, பெரும்பாலும் 78 சுற்று இசைத்தட்டுகளையும் அவற்றிலிருந்து எடுத்த பதிவுகளையும் கேட்பவர்களுக்கு இது அநேகமாக வீண் செலவு. அந்தப் பதிவுகளில் அத்தகைய ஏற்ற இறக்கம் கிடையாது. அவர்களுக்கு 10 அல்லது 15 வாட் கருவியையே பரிந்துரைக்கிறோம், எங்களுக்கு லாபம் குறைவானாலும்.

அடுத்தது மின்சாரம். வீட்டுக்கு வருவதற்கு முதன்மையான காரணமும் இதுவே. நம் நாட்டின் வீட்டு மின்னழுத்தம் பெயரளவில் 230 வோல்ட். நடைமுறையில், தெரு மின்மாற்றிக்கு அருகிலுள்ள வீடுகளில் இரவு நேரத்தில் 245 வோல்ட் வரை வருவதைப் பார்த்திருக்கிறோம். தெருவின் கடைக்கோடியில் மாலை வேளையில் 210க்கு இறங்குவதும் உண்டு. வெளிநாட்டுக் கருவிகள் பலவற்றின் மின்மாற்றி 220 வோல்ட்டுக்காகச் சுற்றப்பட்டது. அதற்கு 245 வோல்ட் கொடுத்தால், 6.3 வோல்ட் பெற வேண்டிய வால்வின் இழைக்கு, அதாவது உள்ளே சூடேறி ஒளிரும் கம்பிக்கு, 7 வோல்ட் போய்ச் சேரும். 500 வோல்ட்டாக இருக்க வேண்டிய உயர் அழுத்தம் 550ஐத் தாண்டும். வால்வின் ஆயுள் இதனால்தான் சத்தமில்லாமல் கரைகிறது. சிறிய கருவிகள் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். எல்லையை ஒட்டியே வேலை வாங்கப்படும் பெரிய கருவிகள் பொறுக்கா. எனவே பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் மீட்டர் வைத்து அளந்து, 240 வோல்ட் இணைப்புள்ள மின்மாற்றியா, நல்ல ஸ்டெபிலைசரா என்று முடிவு செய்கிறோம்.

இன்வெர்ட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவான இன்வெர்ட்டர்கள் தருவது சதுர அலை. அதில் வால்வு ஆம்ப்ளிஃபையரின் மின்மாற்றி உறுமும், சூடேறும். அந்த இணைப்பில் கருவியை வைக்க வேண்டாம். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் அடுக்ககங்களில், மின்தடை ஏற்பட்டவுடன் கருவியின் சுவிட்சை அணைத்துவிட்டு, மின்சாரம் நிலைத்தபின் சில நிமிடம் கழித்துப் போடுவதே நல்லது.

நில இணைப்பு (எர்த்) சரியில்லாத பழைய வீடுகள் காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பக்கம் இன்னும் இருக்கின்றன. ஸ்பீக்கரில் இரைச்சல் வருகிறது என்பதற்காக மூன்று முனை பிளக்கின் நில முனையைக் கழற்றிவிடும் பழக்கத்தை நாங்கள் மிகக் கடுமையாக எதிர்க்கிறோம். உள்ளே 500, 600 வோல்ட் நேர்மின்சாரம் உள்ள ஓர் இரும்புப் பெட்டியை நில இணைப்பின்றி வைப்பது உயிரோடு விளையாடுவது. கருவியை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டர்களில் அந்த மின்னேற்றம் நெடுநேரம் தங்கக்கூடும் என்பதால், அடிமூடியைத் தாங்களாகவே திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

செலவுக் கணக்கையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். கேடி88 என்னும் பெரிய வகை வால்வுகள் எட்டு உள்ள ஒரு கருவியை எடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றின் இழையும் 6.3 வோல்ட்டில் 1.6 ஆம்பியர், அதாவது 10 வாட் எடுக்கும். இழைகளுக்கு மட்டும் 80 வாட். பாட்டே ஓடாத நிலையிலும் ஒவ்வொரு வால்விலும் 25 வாட் வெப்பமாகச் செலவாகும். அது 200 வாட். மற்றவற்றையும் சேர்த்தால் 300 வாட்டைத் தாண்டும். நாளுக்கு மூன்று மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ ஒரு யூனிட். பெஸ்காம் (மின்விநியோக நிறுவனம்) கட்டணச் சீட்டு அச்சுறுத்தும் அளவல்ல. ஆனால் அந்த வெப்பம் முழுவதும் தங்கள் கூடத்தில்தான் இறங்கும். ஏப்ரல் மாதத்தில் தெரியும். வால்வின் கண்ணாடி 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகக்கூடியது. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸில் வைக்க இடம் ஒதுக்கியிருக்கிறேன் என்று சொல்பவர்களிடம் அதை மாற்றும்படி சொல்வதும், சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் கம்பிக்கூண்டைக் கழற்றாதீர்கள் என்று வற்புறுத்துவதும் இதனால்தான்.

கருவியின் விலையைவிட, பின்னால் வரும் வால்வுச் செலவுதான் பலரையும் திகைக்க வைக்கிறது. நன்கு அமைக்கப்பட்ட கருவியில் ஸ்பீக்கருக்குத் திறன் தரும் இறுதிக் கட்ட வால்வுகள் 2000 மணி நேரத்துக்குக் குறையாமல் உழைக்கும் என்பது எங்கள் அனுபவம். நாளுக்கு மூன்று மணி நேரம் என்ற கணக்கில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு, கவனமாக வைத்திருந்தால் அதற்கு மேலும். மாற்றும்போது பொருத்தம் பார்த்து எடுத்த தொகுதியாக மாற்ற வேண்டும். சில மூத்த வாடிக்கையாளர்கள், ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆலை 1961 முதல் தயாரித்த வால்வுகளைப் பெட்டியோடு கொண்டுவந்து, இவற்றைப் போட முடியாதா என்று கேட்கிறார்கள். நம் ஊரில் பிறந்த அந்தச் சிறு வால்வுகளை நாங்கள் இன்றும் மதிப்போடு ரேடியோக்களில் போடுகிறோம். அவை கேடி88க்கு மாற்றாகா. இன்று பெரிய வால்வுகள் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளிலிருந்தே பெரும்பாலும் வருகின்றன. 2022க்குப் பிறகு ரஷ்ய வால்வுகளின் வரத்தும் விலையும் நிலையாக இல்லை. ஆகவே எங்கள் மதிப்பீட்டில் வால்வுகளுக்கு ஆறு மாதத்துக்கு முந்தைய விலையை எதிர்பார்க்க வேண்டாம்.

கருவி வீட்டுக்கு வந்தபின் தாங்கள் கவனிக்க வேண்டியவை மிகச் சில. ஸ்பீக்கர் வயரை இணைக்காமல் பாட்டை ஓட விடாதீர்கள். ஸ்பீக்கர் என்ற சுமை இல்லாதபோது, வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலுள்ள அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் எழும் அழுத்தம் அதன் சுற்றுகளின் காப்பைத் துளைத்துவிடலாம், கருவியிலேயே விலை கூடிய உறுப்பு அதுதான். இழையின் ஆரஞ்சு ஒளியும், கண்ணாடியின் உட்புறத்தில் படரும் நீல ஒளியும் இயல்பானவை, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உள்ளிருக்கும் சாம்பல் நிறத் தகடு மங்கிய சிவப்பாகக் கனிவதைக் கண்டால், பாட்டு நன்றாகவே ஒலித்துக்கொண்டிருந்தாலும், அந்த நொடியே அணைத்துவிட்டு எங்களை அழையுங்கள். வால்வின் உச்சியிலுள்ள வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அதைப் போடவே கூடாது. பயாஸ் அளவை, அதாவது பாட்டு இல்லாதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அமைப்பை, கருவி அரை மணி நேரம் சூடான பிறகு பார்க்க வேண்டும். முதல் ஆண்டில் இருமுறை நாங்களே வந்து கட்டணமின்றிச் சரிசெய்து தருவோம்.

வீட்டுப் பார்வைக்குச் சனிக்கிழமைகளில் வருகிறோம். இரவு அளவுக்காக அன்றே எட்டு மணிக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை வர நேரிடும். தங்கள் ஸ்பீக்கரின் பெயரையும் மாடலையும் முன்கூட்டியே தெரிவித்தால், அதன் மின்தடை 4 ஓமா 8 ஓமா, எவ்வளவு திறன் கேட்கும் என்பதைப் பார்த்து, பொருத்தமான கருவி ஒன்றைக் கையோடு கொண்டுவருவோம். அன்று மாலை தங்கள் சொந்த இசைத்தட்டுகளைத் தங்கள் அறையிலேயே போட்டுக் கேட்டுவிட்டு, வேண்டும் வேண்டாம் என்பதை மறுவாரம் சொன்னால் போதும். 100 வாட் கருவி 30 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. மின்தூக்கி இல்லாத கட்டடமாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், இன்னொருவரையும் அழைத்து வருகிறோம்.

இப்படிக்கு,
கடைப் பொறுப்பாளர்,
அல்சூர், பெங்களூரு