புதிர்ப் பக்கம் போடுகிறவர்களே, ஒரு முறை நீங்களும் போட்டுப் பாருங்கள்

சிறுவர் இதழ்களிலும் ஞாயிறு இணைப்புகளிலும் புதிர் தயாரிக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கு,

வணக்கம். போன மாதம் என் மகள் உங்களில் ஒருவர் போட்ட சுடோகுவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 4க்கு 4 கட்டம், 12 எண்கள் ஏற்கெனவே அச்சாகியிருந்தன, காலி நாலே நாலு: முதல் வரிசையின் தொடக்கத்தில் இரண்டு, அதற்கு நேர் கீழே மூன்றாம் வரிசையில் இரண்டு. அவள் மேலே 2, 1 என்றும் கீழே 1, 2 என்றும் எழுதினாள். அடுத்த வாரம் வந்த விடையில் மேலே 1, 2, கீழே 2, 1. "தப்பாப் போட்டுட்டேன்ப்பா" என்று ரப்பரை எடுத்துவிட்டாள். தப்பே இல்லை. ஒவ்வொரு வரிசையிலும் பத்தியிலும் 2க்கு 2 பெட்டியிலும் 1 முதல் 4 வரை ஒவ்வொன்றும் ஒரு முறை வரவேண்டும், அவ்வளவுதானே? எப்படிப் பார்த்தாலும் இரண்டும் சரி!

எண்களை வாரிக் கொடுத்தால் விடை ஒன்றாகிவிடும் என்று நினைத்திருப்பீர்கள். இடம் பார்த்துப் போட்டால் இந்தக் கட்டத்துக்கு 4 எண்ணே போதும். (பெரிய 9க்கு 9 கட்டத்துக்குக் குறைந்தது 17 வேண்டும், 16 போதாது என்று டப்ளினில் கணினியை ஓட்டியே 2012இல் காட்டிவிட்டார்கள்.) சுடோகுவில் "இங்கே இது மட்டும்தான் வரும்" என்று பிடிப்பதுதான் விளையாட்டே, இரண்டு விடை இருந்தால் பிள்ளை யோசித்துப் பயனில்லை, இங்கி பிங்கி பாங்கிதான்.

அதற்காக எல்லாப் புதிருக்கும் ஒரே விடை வேண்டும் என்று சொல்லவில்லை. ஆடு, புலி, புல்லுக்கட்டு இருக்கிறதே, முதலில் ஆட்டை அக்கரையில் விட்டாக வேண்டும், சரி, அப்புறம் திரும்பி வந்து புலியையும் ஏற்றலாம், புல்லுக்கட்டையும் ஏற்றலாம், எதை ஏற்றினாலும் ஆட்டைத் திரும்பக் கூட்டிவந்து 7 தடவையில் முடித்துவிடலாம். நான் பார்த்த விடைப் பக்கங்களில் ஒரு வழிதான் இருந்தது. "இன்னொரு வழியும் உண்டு, தேடு" என்று ஒரு வரி போட என்ன செலவாகிவிடும்?

"1, 2, 4, அடுத்து என்ன?" வகையறாதான் மோசம். இரட்டித்தால் 8, ஒன்று கூட்டி, இரண்டு கூட்டி, மூன்று கூட்டினால் 7. 7 எழுதிய பிள்ளைக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

அச்சுக்குப் போகுமுன் விடையைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். பல விடை வருமென்றால் புதிரிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் அழித்த 2, 1 இன்னும் மங்கலாகத் தெரிகிறது, வேண்டுமென்றால் படமெடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு அப்பா