அக்கா, 'விண்டர்' பற்றி நான் சொல்லாமல் விட்டது

அன்புள்ள அக்கா,

'விண்டர்' நாவல் எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். "நல்லா இருந்துச்சு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அது முழுப் பதில் இல்லை.

மரிஸ்ஸா மேயரின் லூனார் கிரானிக்கிள்ஸ் நாவல் வரிசை 2012இல் 'சிண்டர்' நாவலோடு தொடங்கி, 2015இல் இந்தப் புத்தகத்தோடு முடிந்தது. 800 பக்கத்துக்கு மேல். அதில் பாதி, மாட்டிக்கொள்வதும் தப்பிப்பதுமாகவே போகிறது. என் மனத்தாங்கல் அங்கேதான். புத்தகத்துக்கே பெயர் கொடுத்த நிலா இளவரசி விண்டருக்கும் அவள் காவலன் ஜேசினுக்கும் நிம்மதியாக உட்கார்ந்து பேச நாலு பக்கம் கிடைக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே ஒருவர்மேல் ஒருவர் உயிரை வைத்திருப்பவர்கள்! மற்ற மூன்று ஜோடிகளும் முன்பே இடம் பிடித்துவிட்டார்கள். இவர்கள் கடைசி பஸ்ஸில் ஏறியவர்கள் மாதிரி நின்றுகொண்டே வருகிறார்கள்.

ஆனாலும் விண்டர் மனதை விட்டுப் போகவில்லை. அடுத்தவர் மனதை வசப்படுத்தும் சக்தி நிலாவாசிகளுக்கு உண்டு. அதைப் பயன்படுத்த மாட்டேன் என்கிறாள் அவள். அந்தப் பிடிவாதமே அவள் புத்தியைக் கலைக்கிறது. உடம்பெல்லாம் பனிக்கட்டியாக உறைவதாக அவளுக்குத் தோன்றும் இடத்தை இங்கே நீலகிரி எமரால்டில், ஜனவரியில் படித்தேன். அந்த வாரம் உறைபனி. வெயில் ஏறினதும் தேயிலைக் கொழுந்து கருகிப்போனது. பனி சுடும் என்று நமக்குத் தெரியும்தானே அக்கா? அவள் வலியை நான் அப்படியே நம்பினேன்.

அப்புறம் இன்னொரு ஜோடி, ஸ்கார்லெட்டும் உல்ஃபும். நிலாவின் கொடுங்கோல் ராணி லெவானாவின் ஆட்கள் அறுவை செய்து உல்ஃபின் தாடையையும் பல்லையும் மிருகத்தினுடையதாக ஆக்கிவிடுகிறார்கள். வேறு கதையாக இருந்தால் கடைசியில் பழைய முகம் திரும்பியிருக்கும். இங்கே திரும்பவில்லை. அந்த முகத்தோடேயே அவனை ஏற்றுக்கொள்கிறாள் ஸ்கார்லெட். இதற்காகவே அத்தனை துரத்தல்களையும் பொறுத்துக்கொள்ளலாம்.

லெவானாவுக்குப் பிறகு, தொடரின் நாயகி சிண்டர் நிலாவின் ராணியாகவே இருந்திருக்க வேண்டும் என்பீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்தவர் மனதை ஆட்டிவைக்கத் தெரிந்தவர் கையில் சிம்மாசனமும் இருந்தால் என்ன ஆகும் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? முடியாட்சியே வேண்டாம் என்று அவள் எடுக்கும் முடிவுதான் சரி. அவள் காதலிக்கும் பேரரசன் கைட்டோவோடு கல்யாணம் வரை இழுக்காமல் நிறுத்தியதும் எனக்குப் பிடித்தது.

2016இல் வந்த 'ஸ்டார்ஸ் அபவ்' தொகுப்பில் ஸ்கார்லெட், உல்ஃப் கல்யாணம் இருக்கிறது. உங்களிடம் இருந்தால் மே மாதம் ஊருக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை