எடையோடு வலுவையும் எழுதுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன், வயது 73. எழுதிப் பழகிய கை என்பதால், மளிகைக் கணக்கிலிருந்து மனைவியின் சர்க்கரை அளவு வரை எல்லாவற்றையும் ஒரு நீளக் குறிப்பேட்டில் பதிந்து வைப்பது என் வழக்கம். அந்தக் குறிப்பேட்டில் ஏழு மாதமாக இறங்கிக்கொண்டே வந்த ஓர் எண்ணைப் பார்த்து மகிழ்ந்ததுதான் என் வாழ்நாளில் நான் செய்த பெரிய கணக்குப் பிழை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

என் மனைவிக்கு 69 வயது, உயரம் 154 சென்டிமீட்டர். சென்ற ஆண்டு தை மாதத்தில் எடை 71 கிலோ. சர்க்கரைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக மாத்திரை. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மூட்டு வலிக்காகப் போன இடத்தில் அச்சடித்த உணவுத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, 54 கிலோவுக்கு வந்தாக வேண்டும் என்று பேனாவால் அடிக்கோடிட்டு அனுப்பினார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. அதே போன்ற தாள்களை அதன் பிறகு நான்கைந்து இடங்களில் பார்த்துவிட்டேன். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதியது போலத்தான் இருக்கின்றன. அரிசியைக் குறைக்கவும், காலையில் ஓட்ஸ், இரவில் சப்பாத்தி, தேங்காய் கூடாது, முட்டையின் மஞ்சள் கரு கூடாது. நாற்பது வயது ஐ.டி. ஊழியருக்கும் எழுபதை நெருங்கும் பாட்டிக்கும் அதே தாள்தான்.

சொன்னதைச் சொன்னபடி செய்வது என் மனைவியின் சுபாவம். காலையில் தண்ணீரில் காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சி, மதியம் ஒரு கரண்டி சோறும் ரசமும் பொரியலும், இரவு இரண்டு சப்பாத்தி என்று ஏழு மாதம் இருந்தார். ஆவணி பிறந்தபோது எடை 62 கிலோ. கோயிலில் பார்த்தவர்களெல்லாம் "ஆளே பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க" என்றார்கள், எனக்கும் பெருமைதான். ரவிக்கையின் கை தொளதொளத்ததையும், வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியதையும், ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருக என்னைக் கூப்பிடத் தொடங்கியதையும் நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. அரிவாள்மனை முன் சம்மணமிட்டு வாழைப்பூ ஆய்கிறவர் சமையல் மேடைக்கு மாறிவிட்டார், ஏனென்றால் தரையிலிருந்து எழ ஒரு கைக்குச் சுவரும் மறு கைக்கு என் தோளும் தேவைப்பட்டன. மூட்டு வலி என்றே நினைத்துக்கொண்டோம். ஒரு விடியற்காலையில் பின்கட்டுப் படியில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். உடம்பெல்லாம் வியர்வை; சர்க்கரை பார்த்தால் 58-க்கு இறங்கியிருந்தது. சாப்பாடு பாதியாகியிருந்தது, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது.

எடைப் பொறிக்குக் கொழுப்பும் தெரியாது, தசையும் தெரியாது. சாப்பாட்டை மட்டும் குறைத்து இறக்கும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பல்லாத பகுதி, அதிலும் பெருமளவு தசை, என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த செய்தி. இளையவர்கள் அந்த இழப்பை ஓரளவு மீட்டுக்கொள்வார்கள். முதியவர்களுக்கோ எடை திரும்ப ஏறினாலும் பெரும்பாலும் கொழுப்பாகவே ஏறுகிறது. வயதாவதால் தசை கரைவதற்கு 'சார்கோபீனியா' என்று அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க் பெயர் வைத்தது 1989-இல். ஆசியர்களுக்கென்று நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவுகோலின்படி, கைப்பிடி வலு (ஒரு கருவியை இறுக்கிப் பிடித்து அளப்பது) ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும் கவனிக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டுப் பிரித்த பிறகு நாங்கள் போய்ப் பார்த்த முதியோர் நல மருத்துவர் இந்த நாற்காலிச் சோதனையைச் செய்யச் சொன்னார். என் மனைவிக்கு 21 விநாடி ஆனது. அதற்கு வேண்டியதெல்லாம் ஒரு நாற்காலியும் கைக்கடிகாரமும்தான்.

எடை குறைப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர் ஒரு கிலோ இளைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது, சர்க்கரைக்கும் நல்லதுதான். எப்படிக் குறைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த, உடல் பருமன் உள்ள 107 பேரை ஓராண்டு கண்காணித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், உணவை மட்டும் குறைத்தவர்களின் உடல் இயக்கத் திறன் 12 விழுக்காடு கூடியது. உணவோடு உடற்பயிற்சியும் சேர்த்தவர்களுக்கு அது 21 விழுக்காடு. தசை இழப்பும் எலும்பு இழப்பும் இரண்டாவது குழுவினருக்கே குறைவு. ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) 23-க்குக் கீழே இருப்பது நல்லது என்பது வயது வந்தோர் அனைவருக்கும் பொதுவாகச் சொன்னது. என் மனைவியின் உயரத்துக்கு அந்தக் கணக்கில்தான் 54 கிலோ வருகிறது. 69 வயதில் 71 கிலோவிலிருந்து 54-ஐத் துரத்த வேண்டுமா என்று அந்தத் தாளில் அடிக்கோடிட்டவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஐந்தாறு கிலோ, அதுவும் நிதானமாக, போதுமானதாக இருந்திருக்கும் என்றார் முதியோர் நல மருத்துவர்.

அடுத்தது புரதம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில் வயது வந்தோருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்று இருக்கிறது. முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று பன்னாட்டு முதுமையியல் நிபுணர் குழு 2013-இலேயே சொல்லிவிட்டது. என் மனைவியின் 62 கிலோவுக்கு அது குறைந்தது 62 கிராம். குறிப்பேட்டை விரித்து அந்த ஏழு மாதச் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன். காபியில் விட்ட பாலைச் சேர்த்தும் 30 கிராமைத் தொடவில்லை. இத்தனைக்கும் ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது, ஒரு டம்ளர் பாலிலும் அதே அளவு. ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் எட்டு, ஒன்பது கிராம் வரும். ரேஷன் கடையில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு கொடுக்கும் மாநிலம் இது. அந்தப் பருப்பைத் தண்ணீரான சாம்பாராக இல்லாமல் கெட்டியாக ஒரு கிண்ணம் சாப்பிடுங்கள் என்று தாளில் ஒரு வரி இருந்திருந்தால் என் மனைவி அதையும் அட்சரம் பிசகாமல் செய்திருப்பார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது என்பதையும் அதே இடத்தில் சேர்த்துவிட வேண்டும்.

2025-இல் மவுஞ்சாரோ, வீகோவி என்ற எடை குறைப்பு ஊசிகளும் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. பசியையே அடக்கும் அந்த ஊசிகளைப் போட்டுக்கொள்ளும் முதியவரிடம் புரதத்தையும் பயிற்சியையும் பற்றி யாரும் பேசாவிட்டால், எங்கள் வீட்டில் ஏழு மாதத்தில் நடந்தது இன்னும் விரைவாக நடக்கக்கூடும்.

தங்களிடம் நான் புதிய திட்டம் எதையும் கேட்கவில்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஏற்கெனவே எங்கள் வாசலுக்கு வருகிறது. அதில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். அறுபது வயதைக் கடந்தவர்களுக்குத் தனியாக ஓர் உணவுத் தாளை நம் ஊர்ச் சாப்பாட்டை வைத்து எழுதித் தாருங்கள். எடையைக் குறைக்கச் சொல்லும்போதே நாற்காலிப் பயிற்சியையும், சர்க்கரை மாத்திரையின் அளவை மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று உத்தரவிடுங்கள். யாரும் குறைக்கச் சொல்லாமலேயே ஓராண்டுக்குள் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்துவிட்ட முதியவரைப் பாராட்டி அனுப்பாமல் பரிசோதனைக்கு அனுப்பவும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி வேண்டும். காசநோயும் புற்றுநோயும் மனச்சோர்வும் பல நேரம் அப்படித்தான் முதலில் தலைகாட்டுகின்றன. தாளை எழுத ஆள் தேட வேண்டியதில்லை. முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பை நாட்டிலேயே முதலில் 1996-இல் தொடங்கியது சென்னை மருத்துவக் கல்லூரி. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது.

என் மனைவி இப்போது காலையில் ஒரு முழு முட்டை, மாலையில் சுண்டல் என்று சாப்பிடுகிறார். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை இரு கையிலும் தூக்கி இறக்குகிறார். எடை 63 கிலோ. நாற்காலிச் சோதனையில் 21 விநாடி 14 ஆகியிருக்கிறது. போன வாரம் மாத்திரை கொண்டுவந்த தன்னார்வலரிடம் குறிப்பேட்டைக் காட்டினேன். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் எழுதிக்கொண்டவர், "இந்தப் பதினாலை எதுல சார் எழுதுறது? இதுக்குக் கட்டம் இல்லையே" என்று கேட்டார்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்