பாபி பவுடன் தொடருக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

தம் கிறிஸ்தவ விசுவாசத்தை மேடைகளில் சாட்சியாகச் சொல்லிவந்த பாபி பவுடனைப் பற்றிய தொடரின் கடைசிப் பகுதி இந்த மாதச் சபை இதழில் வெளியாகிவிட்டது. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 34 பருவங்கள் பயிற்சியாளராக இருந்த ஒருவரை, அதிலும் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த அமெரிக்கக் கால்பந்தின் ஆசானை, நம் வாசகர்கள் எதற்காகப் படிக்க வேண்டும் என்று தொடக்கத்தில் பலர் கேட்டார்கள். கேட்டவர்களில் சிலரே பிறகு கைகொடுக்கவும் வந்தார்கள்.

முதல் நன்றி அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் டல்லஹாசி நகரில் குடியிருக்கும் என் சித்தி மகளுக்கும் மாப்பிள்ளைக்கும். நான்கு முயற்சிகளுக்குள் பந்தைப் பத்து கஜம் முன்னே கொண்டுபோக வேண்டும் என்ற அடிப்படைக் கணக்கை எனக்குப் புரியவைக்க மாப்பிள்ளை பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆட்டம் புரிந்த பிறகுதான் 1976இல் பவுடன் அங்கே போனபோது இருந்த நிலைமையின் கனம் தெரிந்தது. அதற்கு முந்தைய மூன்று பருவங்களிலும் சேர்த்து அந்த அணி வென்றவை நான்கே ஆட்டங்கள். முன்பு தாம் பயிற்சியாளராக இருந்த மேற்கு வர்ஜீனியாவில் கார்களின் பின்னால் ‘பிட்ஸ்பர்கை வெல்வோம்’ என்று ஒட்டியிருப்பார்கள், இங்கே வந்தால் ‘யாரையாவது வெல்வோம்’ என்று ஒட்டியிருந்தார்கள் என்று பவுடனே மேடைகளில் சொல்லிச் சிரிக்க வைப்பாராம். அந்த அணிதான் 1987 முதல் 2000 வரை, 14 பருவங்கள் இடைவிடாமல், குறைந்தது பத்து வெற்றிகளோடு நாட்டின் முதல் ஐந்து அணிகளுக்குள் நின்றது.

பரம எதிரியான மயாமி பல்கலைக்கழக அணியுடனான ஆட்டங்களின் பதிவுகளை ஒவ்வொரு வினாடியாக நிறுத்தி நிறுத்தி விளக்கியதும் மாப்பிள்ளைதான். 1991இல் முதலிடத்தில் இருந்த பவுடனின் அணி, கடைசி நிமிடத்தில் உதைத்த பந்து கம்பங்களுக்கு இடையே போகாமல் வலப்பக்கம் விலகிப்போனதால் 17–16 என்று தோற்றது. மறு ஆண்டும் அதே எதிரி, அதே வலப்பக்கம், 19–16. ‘மயாமியோடு ஆடவாவது செய்தார்’ என்று என் கல்லறையில் எழுதுவார்கள் என்றார் பவுடன். தோல்வியை இப்படிப் பேசக்கூடிய மனிதரின் பக்தி எனக்கு நம்பகமாகத் தோன்றியது. மேடையில் கண்ணீர் விடுகிறவர்களை நான் அவ்வளவு எளிதில் நம்புவதில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1994 புத்தாண்டு இரவு ஆரஞ்சு பவுல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியை 18–16 என்று வென்று பவுடன் முதல் தேசியப் பட்டத்தைப் பெற்றார். இம்முறை இறுதி வினாடியில் குறி தவற உதைத்தது எதிரணி. அந்த அணியின் பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன், பவுடனைப் போலவே ‘ஃபெலோஷிப் ஆஃப் கிறிஸ்டியன் அத்லெட்ஸ்’ என்ற விளையாட்டு ஊழியத்தில் ஊறியவர். இரண்டு பேருக்காகவும் ஜெபித்தவர்கள் அன்று என்ன செய்திருப்பார்கள் என்று எங்கள் வாலிபர் கூடுகையில் ஒரு தம்பி கேட்டான். போதகர் ஐயா சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைத் தொடரில் அப்படியே போட அனுமதித்ததற்காக ஐயாவுக்குத் தனி நன்றி.

அந்த ஊழியத்தின் வரலாற்றைத் தேடித் தொகுத்தவர்களும் வாலிபர் கூடுகைப் பிள்ளைகளே. ஓக்லஹோமாவில் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்த டான் மெக்ளேனன் 1954இல் அதைத் தொடங்கினார். பேஸ்பால் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி அவருக்குத் துணை நின்றார். கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனைப் பெரிய அணிக்குள் கொண்டுவந்தவர் இதே ரிக்கி. 1956இல் கொலராடோவின் எஸ்டெஸ் பார்க்கில் முதல் தேசிய முகாம் நடந்தது. பவுடன் பல்லாண்டுகள் அதன் மேடைகளில் சாட்சி சொன்னார். ஆட்டம், படிப்பு, சமூகப் பணி மூன்றிலும் சிறந்து விளங்கும் கல்லூரி வீரருக்கு அவர் பெயரில் ஒரு விருதையும் அந்த அமைப்பு நிறுவியது.

எங்கள் ஊர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஐயா ஒவ்வொரு பகுதியையும் அச்சுக்கு முன்பே படித்தார். கோப்பைகளின் கதை யாருக்கு வேண்டும், பையன்களிடம் என்ன பேசினார் என்று எழுது என்பார். 1986ஆம் ஆண்டுப் பகுதி அவர் கேட்டதால் பிறந்தது. அந்தச் செப்டம்பரில் பாப்லோ லோபஸ் என்ற வீரர் சுட்டுக் கொல்லப்பட்டார். பவுடன் அணியைக் கூட்டி, அவருடைய காலி நாற்காலியைக் காட்டி, அவருடைய இடத்தில் இறந்தவர் நீங்களாக இருந்தால் இன்று எங்கே இருப்பீர்கள் என்று பேசினார். பின்வரிசையில் இருந்த மார்க் ரிக்ட் என்ற இளம் துணைப் பயிற்சியாளர், மறுநாள் பவுடனின் அறைக்குப் போய்த் தம் வாழ்வைக் கிறிஸ்துவுக்கு ஒப்புக்கொடுத்தார். அவர்தான் பின்னாளில் ஜார்ஜியா அணியை 15 பருவங்கள் நடத்தியவர்.

அடுத்து, கோயில் வாசலே மிதிக்காத என் வக்கீல் நண்பருக்கு. பருவம் தொடங்குமுன் பவுடன் அணியை ஒரு முறை கறுப்பினத்தவர் தேவாலயத்துக்கும் ஒரு முறை வெள்ளையர் தேவாலயத்துக்கும் அழைத்துப் போவார், பெற்றோருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுவார் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அரசுப் பல்கலைக்கழகத்தில் யாரை ஆடவிடுவது என்று முடிவு செய்கிறவர் கூப்பிட்டால், வரமாட்டேன் என்று எந்தப் பையன் சொல்வான் என்று கேட்டார் அவர். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆட்டம் முடிந்ததும் திடலில் ஜெபித்த பள்ளிப் பயிற்சியாளரின் வழக்கில் 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தபோதும் நீதிபதிகள் ஆறுக்கு மூன்று என்று பிரிந்தே நின்றார்கள். இரண்டு சபைக்கும் அழைத்துப் போனதில் ஓர் அழகு உண்டு என்பதில் நான் மாறவில்லை. நண்பரின் கேள்வியும் தொடரில் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும்.

இணையவழி இசைப் பாடத் தேர்வு முறைகேட்டில் வீரர்கள் சிக்கியதால் பவுடனின் 12 வெற்றிகள் நீக்கப்பட்டு மொத்தம் 377 ஆனதையும் விடக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தவரும் அவரே. முறைகேட்டில் பவுடனுக்குப் பங்கில்லை என்று சொல்லி அதைச் சுருக்கிவிடப் பார்த்தவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருந்தார்கள். வக்கீல் விடவில்லை.

பிழை திருத்திய அக்காவுக்கும், கடைசி நேரத்தில் பக்கங்களை மாற்றியமைத்த அச்சகத் தம்பிக்கும், சந்தா கட்டாமலே இதழை வாங்கிப் படித்துவிட்டு விமர்சனம் மட்டும் தவறாமல் எழுதிய வாசகர்களுக்கும் நன்றி. தொடரைச் சிறு நூலாக்கக் கேட்டிருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில், 91 வயதில், பவுடன் மறைந்தது வரை அதில் வரும். மாப்பிள்ளைக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு விண்ணப்பம்: ஆரஞ்சு பவுல் பகுதிக்குத் திடல் வரைபடம் ஒன்று வேண்டும், இரவு எட்டு மணிக்கு மேல் தொலைபேசியில் பிடிப்பேன்.

அன்புடனும் ஜெபத்துடனும்,
தொடரை எழுதியவன்